பெரியம்மை: தேடிப் பிடித்து ஒழிக்கப்பட்ட கொடுநோய்

ஐம்பத்தைந்து வயதைக் கடந்த வாசகர்கள் பலருடைய கையில் வட்டமான, சற்றே குழிந்த தழும்பு ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்துக்கோ வீட்டுவாசலுக்கோ வந்து ‘அம்மை குத்தியவர்கள்’ விட்டுச்சென்ற அடையாளம் அது. அவர்களுடைய பிள்ளைகளின் மேற்கையில் காணப்படுவது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பே தவிர, அம்மைத் தழும்பு அன்று. அம்மை குத்த வேண்டிய தேவையே இல்லாமற் போய்விட்டது. மனிதரைத் தாக்கும் நோய்களுள் உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டது இதுவரை ஒன்றே ஒன்றுதான். அதுவே பெரியம்மை.

இந்த வெற்றி எவ்வாறு கிட்டியது என்று கேட்டால், ‘எல்லோருக்கும் தடுப்பூசி போட்டதால்’ என்பதே பெரும்பாலோர் தரும் விடை. அது பாதி உண்மை மட்டுமே. தடுப்பூசி இல்லாமல் பெரியம்மையை ஒழித்திருக்க முடியாது; ஆனால் தடுப்பூசி கையில் இருந்தும் ஏறத்தாழ 170 ஆண்டுகள் அந்நோய் இந்தியாவில் நீடித்தது. நோய் எங்கே இருக்கிறது என்ற செய்தி, நோயைக் காட்டிலும் விரைவாகப் பயணம் செய்யத் தொடங்கிய பிறகே அது ஒழிந்தது. அந்த வரலாற்றையும், நோயின் இயல்பையும், இன்றும் எஞ்சியிருக்கும் ஆபத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நோயின் இயல்பு

பெரியம்மையைத் தமிழில் வைசூரி என்றும் வழங்குவர். வேரியோலா என்னும் வைரஸே இதற்குக் காரணம். நோயாளியோடு நெருங்கிப் பழகுவோர், அவரது மூச்சுக்காற்றிலும் இருமலிலும் வெளிப்படும் நுண்துளிகள் வாயிலாக இவ்வைரஸை உள்ளிழுத்து நோய்க்கு ஆளாவர். கொப்புளச் சீழும் பொருக்கும் படிந்த துணிகள், படுக்கைகள் மூலமாகவும் நோய் பரவியது.

வைரஸ் உடலுக்குள் நுழைந்ததும் நோய் தெரிவதில்லை. பெரும்பாலும் 10 முதல் 14 நாள்கள் வரை உடல்நிலை இயல்பாகவே இருக்கும். இக்காலத்தில் அவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றாது. அதன்பின் கடுங்காய்ச்சல், தலைவலி, தாங்க முடியாத முதுகுவலி, வாந்தி ஆகியவை திடீரெனத் தோன்றும். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் வாயிலும் தொண்டையிலும் புண்கள் அரும்பும். பிறகு முகத்திலும் கைகளிலும் தொடங்கி, உடலெங்கும் தடிப்புகள் பரவும். அவை நீர்க்கொப்புளங்களாகி, சீழ் கோத்து, தோலுக்குள் பதித்த மணிகளைப் போல இறுகிக் காணப்படும். இரண்டாம் வார இறுதியில் பொருக்குத் தட்டத் தொடங்கும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் பொருக்குகள் உதிர்ந்து, வாழ்நாள் முழுதும் நீங்காத குழித்தழும்புகள் எஞ்சும். கடைசிப் பொருக்கு உதிரும்வரை நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றும் அபாயம் உண்டு.

ஆபத்தின் அளவு

தடுப்பூசி போடாதவரைப் பெரியம்மையின் கடுமையான வகை தாக்கினால், பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் உயிரிழந்தனர். பச்சிளங் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். உடலுக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கும் அரிய வகையில் உயிர் பிழைத்தோர் இல்லையென்றே சொல்லலாம். நூற்றுக்கு ஒருவர் மட்டுமே இறக்கும் மென்மையான வகை ஒன்றும் உலகின் சில பகுதிகளில் இருந்தது. இந்தியாவில் பரவியதோ கடுமையான வகை.

பிழைத்தவர்களில் பெரும்பாலோர் முகத்தில் அம்மைத் தழும்புகளோடு வாழ நேர்ந்தது. சிலருக்குக் கருவிழியில் புண் ஏற்பட்டுப் பார்வை பறிபோயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் பார்வையிழப்புக்கான முக்கியக் காரணங்களுள் பெரியம்மையும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 30 கோடிப் பேர் என மதிப்பிடப்படுகிறது. நோய் வந்தபின் குணப்படுத்தும் மருந்து எதுவும் அக்காலத்தில் இல்லை.

பெரியம்மையும் சின்னம்மையும்

இவ்விரண்டையும் ஒரே நோயின் பெரிய, சிறிய வடிவங்கள் எனப் பலர் கருதுகின்றனர். இரண்டும் வெவ்வேறு வைரஸ்களால் உண்டாகும் வெவ்வேறு நோய்கள்.

• பெரியம்மையில் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் மிகுதி. சின்னம்மையில் மார்பிலும் முதுகிலும் மிகுதி.

• பெரியம்மை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோன்றும். சின்னம்மை பெரும்பாலும் அவ்விடங்களில் தோன்றுவதில்லை.

• பெரியம்மையில் உடலின் ஒரு பகுதியிலுள்ள கொப்புளங்கள் அனைத்தும் ஒரே நிலையில் இருக்கும். சின்னம்மையில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் அருகருகே காணலாம்.

• பெரியம்மையில் காய்ச்சல் வந்து சில நாள்கள் கழித்தே தடிப்பு தோன்றும். சின்னம்மையில் காய்ச்சலும் தடிப்பும் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கும்.

இன்று நம் வீடுகளில் காணப்படுவது சின்னம்மை, பெரியம்மை அன்று.

முற்காலத் தடுப்பு முறைகள்

ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு மீண்டும் அது வருவதில்லை என்பதை மக்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். வங்காளத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் ‘டீக்காதார்’ எனப்பட்டோர், நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளை நலமாக உள்ளவரின் தோலைக் கீறி அதில் வைப்பர். மென்மையாக நோய் வந்து, நிலையான எதிர்ப்பாற்றல் உண்டாகும். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஹோல்வெல் என்பவர் இம்முறையை விரிவாக விவரித்து 1767இல் இலண்டன் மருத்துவர்களுக்கு எழுதினார். எனினும் இதில் இரு குறைகள் இருந்தன. நூற்றுக்கு ஓரிருவர் இதனாலேயே இறந்தனர்; கீறிக்கொண்டவரிடமிருந்து உண்மையான பெரியம்மையே பிறருக்குப் பரவவும் கூடும்.

1796 மே 14 அன்று இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வைத்தார். பின்னர் பெரியம்மைச் சீழை வைத்தும் சிறுவனுக்கு நோய் வரவில்லை. இதுவே தடுப்பூசியின் தொடக்கம். பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்த அம்மைப்பால், 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலாக வெற்றியுடன் வைக்கப்பட்டது. நாட்டின் பிற பகுதிகளுக்கு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு என்ற முறையில் அது கொண்டு செல்லப்பட்டது. சென்னை மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரிப்பதற்காகக் கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்டதே இன்றும் இயங்கிவரும் கிங் நிலையம்.

ஊசி இருந்தும் நோய் நீங்காதது ஏன்?

விடுதலைக்குப் பின், 1962இல் மத்திய அரசு தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள்தொகையில் பெரும்பகுதிக்குக் குறுகிய காலத்தில் அம்மை குத்திவிட்டால் நோய் தானே மறைந்துவிடும் என்பது திட்டத்தின் அடிப்படை. கோடிக்கணக்கான ஊசிகள் போடப்பட்டதாகக் கணக்குகள் காட்டின. நோயோ மறையவில்லை.

காரணங்கள் பல. திரவ வடிவிலிருந்த தடுப்பு மருந்து கோடை வெயிலில் வலுவிழந்தது. அம்மை குத்தப் பயன்பட்ட சுழல்கருவி தோலைத் திருகிப் புண்ணாக்கியதால் தாய்மார் குழந்தைகளை மறைத்தனர். எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய பணியாளர்கள், எளிதில் ஓரிடத்தில் கிடைக்கும் பள்ளிச் சிறுவர்களுக்கே மீண்டும் மீண்டும் குத்தினர். பிறந்த குழந்தைகளும், ஊர் ஊராகச் செல்லும் கூலித்தொழிலாளர்களும், நடைபாதைவாசிகளும் விடுபட்டனர்.

இதில் ஒரு கணக்கும் அடங்கியுள்ளது. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகை ஏறத்தாழ 54.8 கோடி. நூற்றுக்கு எண்பது பேருக்கு அம்மை குத்திவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், எஞ்சியோர் ஏறத்தாழ 11 கோடி. நோய் தொடர்ந்து வாழ அது தாராளமாகப் போதும்.

இவற்றைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. நோய் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கிராமக் காவலரிடமிருந்து காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், பின்னர் மாநிலத் தலைநகருக்கும் செய்தி ஊர்ந்து செல்வதற்குள் கொப்புளம் ஆறி அடுத்த வீட்டில் புதுக் கொப்புளம் தோன்றிவிடும். நோய் இருப்பதாக அறிவித்தால் ‘உன் பகுதியில் ஏன் வந்தது’ என்ற கேள்வி எழும் என்பதால் செய்தியை மறைத்தவர்களும் உண்டு. மக்கள் தரப்பிலும் தயக்கம் இருந்தது. வடநாட்டில் சீதளா தேவியின் வருகையாகவும், நம் பக்கத்தில் மாரியம்மனின் வருகையாகவும் நோயைக் கருதியோர், அதனை அரசு ஊழியரிடம் அறிவிப்பது முறையன்று என எண்ணினர்.

மாற்று உத்தி

1967இல் உலக நலவாழ்வு நிறுவனம் தீவிர ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, 31 நாடுகளில் பெரியம்மை நிலைகொண்டிருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகவும் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. அதற்குச் சற்று முன்பு, 1966 இறுதியில் கிழக்கு நைஜீரியாவில் பணியாற்றிய வில்லியம் ஃபேகி என்னும் அமெரிக்க மருத்துவர், போதிய தடுப்பு மருந்து கைவசம் இல்லாத நெருக்கடியில் ஒரு புதிய வழியைக் கையாண்டார். நோய் கண்ட ஊர்களை மட்டும் கண்டறிந்து, நோயாளியைச் சுற்றியிருந்தோருக்கு ஊசி போட்டார். மக்களில் பெரும்பகுதியினருக்கு ஊசி போடாமலேயே நோய் அங்கு நின்றுபோயிற்று.

இந்த உத்தி பலிப்பதற்கு நோயின் இயல்பே துணைநின்றது. பெரியம்மை மனிதரிடம் மட்டுமே வாழ்வது, விலங்குகளிடம் பதுங்குவதில்லை. நோய்க்குறி வெளிப்படாமல் அதனைப் பரப்புவோர் இல்லை. முகத்தைப் பார்த்த அளவிலேயே நோயை அடையாளம் காணலாம். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சென்று வெளிப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நோயாளியோடு பழகியவருக்கு மூன்று நான்கு நாள்களுக்குள் அம்மை குத்திவிட்டால் நோய் வராமலே தடுக்கலாம். வந்தாலும் கடுமை குறையும். ஆகவே, நோயாளியை உடனே கண்டறிந்தால் அவரைச் சுற்றி எதிர்ப்பாற்றல் கொண்ட மனித வேலி ஒன்றை எழுப்பிவிட முடியும். வேலியைத் தாண்ட இயலாத வைரஸ் அங்கேயே மடியும்.

கருவிகளும் மேம்பட்டன. வெப்பத்தைத் தாங்கும் உலர் தடுப்பு மருந்தைச் சோவியத் ஒன்றியம் பெருமளவில் வழங்கியது. நம் நாட்டிலும் அது தயாரிக்கப்பட்டது. நுனி இரண்டாகப் பிளந்த சிறிய ஊசி ஒன்று சுழல்கருவிக்குப் பதிலாக வந்தது. மருந்தில் தோய்த்துப் பதினைந்து முறை மெல்லக் குத்தினால் போதும். மருந்தும் முன்பைக் காட்டிலும் நான்கில் ஒரு பங்கே செலவாயிற்று. சில நிமிடப் பயிற்சி பெற்ற எவரும் இதனைக் கையாளலாம்.

பீகாரில் நேர்ந்த சோதனை

1973 இறுதியில் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் வீடு வீடாகத் தேடும் பணி தொடங்கியது. பெரியம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையை ஏந்தி, ‘இவ்வாறு யாருக்கேனும் இருக்கிறதா?’ எனப் பணியாளர்கள் கேட்டுச் சென்றனர். முதல் தேடலின் முடிவு அதிர்ச்சி தந்தது. அதுவரை அறிவிக்கப்பட்டதைப் போலப் பல மடங்கு நோயாளிகள் வெளிப்பட்டனர். நோய் பெருகிவிடவில்லை, மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

1974ஆம் ஆண்டு கோடையில் பீகார் நிலைகுலைந்தது. மே மாதத்தில் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் போக்குவரத்தை முடக்கியது. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் 1,88,003 பேர் பெரியம்மைக்கு ஆளாகி, 31,262 பேர் இறந்ததாகப் பதிவாயிற்று. இதில் பெரும்பங்கு பீகாருக்கு உரியது. ‘புதிய உத்தி தோற்றுவிட்டது, பழையபடி எல்லோருக்கும் அம்மை குத்துவோம்’ என்ற குரல் ஓங்கியது.

அப்போது நடந்த ஓர் ஆய்வுக் கூட்டத்தைப் பற்றி ஃபேகி பின்னாளில் எழுதியுள்ளார். பழைய முறைக்கே திரும்பப்போவதாக மாநில அமைச்சர் அறிவித்தபோது, இளம் இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்தார். தாம் கிராமத்தில் வளர்ந்தவர் என்றும், ஊரில் ஒரு வீடு தீப்பிடித்தால் மற்ற வீடுகளின் மீது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டோம், எரியும் வீட்டுக்கே ஓடுவோம் என்றும் கூறினார். அமைச்சர் மேலும் ஒரு மாத அவகாசம் தந்தார். அந்த மாதத்திலேயே நோய் இறங்குமுகம் காட்டத் தொடங்கியது.

பணி மேலும் இறுகியது. நோயாளியின் வீட்டு வாசலில் இரவும் பகலும் காவலர் அமர்த்தப்பட்டனர். உள்ளே செல்வோர் யாராயினும் அம்மை குத்திக்கொண்ட பின்னரே அனுமதி. எஃகு நகரமான ஜாம்ஷெட்பூரிலிருந்து ரயிலேறியோர் வழியாக நோய் பிற மாநிலங்களுக்குப் பரவியபோது, டாட்டா நிறுவனம் மருத்துவர்களையும் வாகனங்களையும் வழங்கியது. சந்தை, பள்ளி, தேநீர்க் கடை, திருவிழா என மக்கள் கூடும் இடமெல்லாம் விசாரணை நடந்தது. தேடியவர்கள் உண்மையாகவே தேடினார்களா என்பதை அறிய, மற்றொரு குழு சென்று சில வீடுகளில் சரிபார்த்தது. வங்கியில் கணக்குத் தணிக்கை நடப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள், 10 கோடிக்கு மேற்பட்ட வீடுகளை மீண்டும் மீண்டும் எட்டினர்.

புதிய நோயாளியைப் பற்றித் தகவல் தருவோருக்கு வெகுமதி அறிவிக்கப்பட்டது. முதலில் 50 ரூபாயாக இருந்த தொகை, பின்னர் 100 ரூபாயாகி, 1975இல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. நோயாளிகள் குறையக் குறைய வெகுமதி கூடியதைக் கவனிக்க வேண்டும். முன்பு செய்தியை மறைப்பதில் இருந்த நன்மை, இப்போது அறிவிப்பதற்கு மாறிவிட்டது. அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு காய்ச்சலும் தடிப்பும் ஆராயப்பட்டது. பெரும்பாலானவை சின்னம்மையாகவே இருந்தன.

கடைசி நோயாளி

நாட்டிலேயே தோன்றிய கடைசிப் பெரியம்மை, 1975 மே 17 அன்று பீகாரின் கதிஹார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பதிவாயிற்று. ஒரு வாரம் கழித்து, மே 24 அன்று, வங்கதேசத்திலிருந்து வந்து அசாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் தங்கியிருந்த பெண்ணுக்கு நோய் கண்டது. இந்திய மண்ணில் காணப்பட்ட கடைசி நோயாளி அவரே. 1975 ஆகஸ்ட் 15 விடுதலை நாளன்று, பெரியம்மை பூஜ்யமாகிவிட்டதை நாடு கொண்டாடியது. எனினும் தேடல் நிற்கவில்லை. மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தேடி, எங்கும் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே, 1977 ஏப்ரலில் சர்வதேசக் குழு சான்றளித்தது.

கடுமையான வகையின் உலகக் கடைசி நோயாளி, வங்கதேசத்தின் போலா தீவைச் சேர்ந்த மூன்று வயதுச் சிறுமி. 1975 அக்டோபரில் அச்சிறுமிக்கு நோய் கண்ட செய்தியைப் பணியாளரிடம் சொல்லி 250 டாக்கா வெகுமதி பெற்றவள், எட்டு வயதுச் சிறுமி. மென்மையான வகை 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில் மருத்துவமனைச் சமையற்காரர் ஒருவரோடு முடிவுற்றது. சிறுமி, சமையற்காரர் இருவரும் பிழைத்தனர். 1980 மே 8 அன்று உலக நலவாழ்வுப் பேரவை, பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது.

எஞ்சியிருக்கும் ஆபத்து

1978இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வெளிப்பட்ட வைரஸால் நோயுற்று, அதே கட்டடத்தில் பணியாற்றிய மருத்துவப் புகைப்படக் கலைஞர் உயிரிழந்தார். இதன்பின் உலகெங்கும் இருந்த வைரஸ் இருப்புகள் அழிக்கப்பட்டன அல்லது அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரு உயர்பாதுகாப்புக் கூடங்களில் ஒப்படைக்கப்பட்டன. அவற்றை அழிப்பதா, ஆய்வுக்காக வைத்திருப்பதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 2014இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் பழைய குளிர்ப்பதன அறையொன்றில், மறக்கப்பட்ட பெரியம்மைக் குப்பிகள் கண்டெடுக்கப்பட்டதும் நினைவிற்குரியது.

அம்மை குத்துவது நின்றுவிட்டதால், 1980க்குப் பின் பிறந்தோருக்கு இந்நோய்க்கான எதிர்ப்பாற்றல் இல்லை. முன்பு குத்திக்கொண்டோரின் பாதுகாப்பும் காலப்போக்கில் குறைந்துள்ளது. இதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த குரங்கம்மை, 2022இல் பல நாடுகளில் பரவி, அவ்வாண்டு ஜூலையில் கேரளத்திலும் காணப்பட்டது. அது பெரியம்மையைக் காட்டிலும் உயிரிழப்பு குறைந்த நோய்; ஆயினும் அம்மை குத்தும் வழக்கம் நின்றது அதன் பரவலுக்கு இடமளித்தது என அறிஞர்கள் கருதுகின்றனர். பெரியம்மை மீண்டால் பயன்படுத்துவதற்கெனத் தடுப்பு மருந்து இருப்பில் வைக்கப்பட்டுள்ளது. சிகிச்சைக்கான மருந்து ஒன்றும் 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுள்ளது.

நமக்கு உரிய பாடம்

1967க்குப் பின் உலகப் பெரியம்மை ஒழிப்புக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர். தடுப்பூசி, சிகிச்சை, பயணக் கட்டுப்பாடு முதலியவை தேவைப்படாததால் ஆண்டுதோறும் மிச்சமாவதோ 100 கோடி டாலருக்கும் மேல் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஒருமுறை செய்த முதலீடு, ஒவ்வோர் ஆண்டும் அசலைவிட மூன்று மடங்குக்கு மேல் ஈட்டித்தருகிறது. காப்பாற்றப்பட்ட உயிர்களும் பறிபோகாத பார்வையும் இக்கணக்கில் சேரவில்லை.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை எளியவை. காய்ச்சலுடன் உடலில் தடிப்பு தோன்றினால் வீட்டுக்குள் மறைத்து வைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குணமாகும்வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது. நலப்பணியாளர் வீடு தேடி வந்து விவரம் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியை 9 முதல் 12 மாதங்களுக்குள் ஒருமுறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறுமுறையும் தவறாமல் போடுவித்து, அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வீட்டுவாசலில் நின்று கேட்ட முன்பின் அறியாத பணியாளரிடம், ‘ஆம், எங்கள் வீட்டில் இருக்கிறது’ என்று பீகாரின் எளிய மக்கள் உண்மை சொல்லத் தொடங்கியபோதுதான் பெரியம்மைக்குப் பதுங்க இடமில்லாமற் போயிற்று. இனி எந்த நோய் வந்தாலும் அந்த ஒளிவின்மையே நம்முடைய முதல் தடுப்பூசி.